ஸ்டீராய்டும் இதயமும்: லூபஸ் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு நோட்டு

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்ற வியாதி எனக்கு வந்து 14 வருடம் ஆகிறது. அதை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் அதே வயது. நான் பார்க்கும் வேலை கணக்கு எழுதுவது. அந்தப் பழக்கத்தில் வியாதிக்கும் ஒரு நோட்டு போட்டுவிட்டேன். இடது பக்கம் மாத்திரை, வலது பக்கம் இதயம். "இதயம் இடது பக்கம்தானே இருக்கு?" என்று மகள் கேட்டாள். வரவை இடது பக்கமும் செலவை வலது பக்கமும் எழுதிப் பழகிய கை, மாற்ற வரவில்லை.

அந்த நோட்டை எப்படிப் போடுவது, அதில் என்னென்ன எழுதுவது, எழுதியதை வைத்து டாக்டரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. டோஸை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் டாக்டரின் வேலை. கணக்கைச் சரியாக எழுதிக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைப்பது நம் வேலை.

எதற்கு இதயம்?

லூபஸ் என்றாலே தோல், மூட்டு, சிறுநீரகம் என்றுதான் பேச்சு ஓடும். முதல் ஆறு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை ரொம்பப் பழையது. 1976இல் டொராண்டோவில் மரே யூரோவிட்ஸும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் லூபஸில் இறந்தவர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது இறப்புகள் இரண்டு கூறாகப் பிரிந்தன. நோய் வந்த புதிதில் இறந்தவர்களைக் கொண்டுபோனது நோயின் தீவிரமும் தொற்றும். பல வருடம் தாக்குப்பிடித்த பிறகு இறந்தவர்களிடம் மாரடைப்பு முன்னால் நின்றது. 1997இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது: 35 முதல் 44 வயது வரை உள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல்.

இந்த எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அந்த வயதில் மற்ற பெண்களுக்கு மாரடைப்பு வருவதே அபூர்வம். அபூர்வத்தின் 50 மடங்கு என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் "இந்த வயசில் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது" என்று நம்மால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, இதில் ஸ்டீராய்டு எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும். 2003இல் நியூயார்க்கில் லூபஸ் உள்ளவர்களின் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். லூபஸ் உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்குக் கொழுப்புப் படிவு இருந்தது, மற்றவர்களில் 15 சதவீதம். அந்தப் படிவு இருந்தவர்கள் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள் அல்ல, குறைவாகச் சிகிச்சை பெற்றவர்கள். அடக்கப்படாத நோயே குழாயை அரிக்கிறது என்று இதற்கு அர்த்தம். அப்புறம் 2012இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்துவந்த நோயாளிகளின் கணக்கு வெளிவந்தது. அந்தச் சமயத்தில் தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 5 மடங்கு. 10 முதல் 19 வரை எடுத்தவர்களுக்கு இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இரண்டும் முட்டிக்கொள்வது போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. தீயை அணைக்காமல் விட்டால் வீடு எரியும். அணைந்த பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சுவர் ஊறி விழும். எவ்வளவு ஊற்றுகிறோம், எத்தனை நாளாக ஊற்றுகிறோம் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான்.

இடது பக்கம்: மாத்திரை

தேதி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஏன் மாற்றினார்கள். நான்கு கட்டம் போதும்.

மாத்திரையின் எண்ணிக்கையை எழுதாதீர்கள், மில்லிகிராமை எழுதுங்கள். நான் முதல் நோட்டில் "காலை 1" என்றுதான் எழுதினேன். ஒரு தடவை 5 மில்லிகிராம் அட்டைக்குப் பதில் 10 மில்லிகிராம் அட்டை கைக்கு வந்தது. அட்டையின் நிறம், மாத்திரையின் அளவு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். 11 நாள் இரட்டை டோஸ் விழுங்கியிருக்கிறேன். நோட்டில் எல்லா நாளும் "1" என்றே சமர்த்தாக இருந்தது.

ஸ்டீராய்டில் பல பெயர் உண்டு, எல்லாம் ஒரே எடை அல்ல. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமும் மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மில்லிகிராமும் சமம். டெஃப்லாசகார்ட் என்றால் 6, ஹைட்ரோகார்ட்டிசோன் என்றால் 20, டெக்ஸாமெத்தசோன் என்றால் வெறும் 0.75. மருந்து மாறினால் ஓரத்தில் பிரெட்னிசோலோன் கணக்குக்கு மாற்றி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "4க்குக் குறைச்சுட்டாங்க" என்று சந்தோஷப்பட்டு, நிஜத்தில் அதே 5இல் நின்றுகொண்டிருப்போம். மூட்டில் போட்ட ஊசியையும் எழுதுங்கள். நோய் சீறும்போது நரம்பு வழியாக 250 முதல் 1000 மில்லிகிராம் வரை ஒன்றிலிருந்து மூன்று நாள் ஏற்றுவார்கள். அதை நான் சிவப்பு மையில் எழுதுவேன்.

மாதக் கடைசியில் ஒரு கூட்டல். அந்த மாதம் விழுங்கியது மொத்தம் எத்தனை மில்லிகிராம், நாளுக்குச் சராசரி எவ்வளவு. இந்த ஒரு எண்ணுக்காகத்தான் இடது பக்கமே. லூபஸ் சிகிச்சைக்கான ஐரோப்பிய மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 2019இல், நீண்டகாலத்துக்கான டோஸ் நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்றது. 2023இல் அதை 5 அல்லது அதற்கும் கீழே என்று இறக்கியது, முடிந்தால் நிறுத்தவும் சொன்னது. உங்கள் சராசரி மூன்று மாதமாக 10இல் நிற்கிறதா? அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி தயார்: "5க்குக் கீழே வர நமக்கு எது தடையாக இருக்கிறது? அசாதியோபிரின், மைக்கோஃபெனோலேட் மாதிரி வேறு மருந்து சேர்த்தால் இறக்க முடியுமா?" இப்படிக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார். "ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால்தான் சண்டை.

இதே பக்கத்தில், லூபஸுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கும் ஒரு கட்டம் வேண்டும். வலியும் காய்ச்சலும் இல்லாத நாளில் நாம் முதலில் மறக்கும் மாத்திரை இதுதான். அது மூட்டுக்கு மட்டும் என்று நினைத்து நானும் விட்டிருக்கிறேன். ரத்தம் உறைவதைக் குறைக்கும், கொலஸ்ட்ரால், சுகர் பக்கமும் கை கொடுக்கும், நோய் திரும்பக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதால் ஸ்டீராய்டை இறக்கவும் இடம் தரும். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது. ஆரம்பத்தில் ஒரு தடவையும், 5 வருடத்துக்குப் பிறகு வருடா வருடமும் கண் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் சீக்கிரமே தொடங்குவார்கள். புகைப்பவர்களுக்கு இந்த மருந்து, முக்கியமாகத் தோலில், சரியாக வேலை செய்வதில்லை. புகை இதயத்துக்கு என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நானே நிறுத்திய கதை

மூன்றாவது வருடம் ஒரு அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். அட்டையில் இருந்த முகம் என்னுடையது இல்லை. ஸ்டீராய்டால் கன்னம் இரண்டும் உப்பி, கண் உள்ளே போயிருந்தது. அன்று ராத்திரி மாத்திரையை எடுக்காமல் வைத்தேன். அப்போது 15 மில்லிகிராம். மறுநாளும் எடுக்கவில்லை. நான்காம் நாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்தபடியே கீழே சரிந்தேன். ஓயாத வாந்தி. பி.பி. 84/50.

நடந்தது இதுதான். உடம்பு தானாகவே கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் எடுத்த யாரும் தானாக நிறுத்தக் கூடாது. சொன்னால் தெரியாது, அந்த நான்காம் நாள் காலைதான் எனக்குப் புரியவைத்தது.

சிறிய டோஸிலும் இதே கதைதான். பாரிஸில் 2020இல் வெளியான ஒரு சோதனையில், நோய் அடங்கி, தினம் 5 மில்லிகிராமில் இருந்தவர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு அதை ஒரேயடியாக நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் நிறுத்தியவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் கிளம்பியது, தொடர்ந்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு. ஒவ்வொரு தடவை நோய் கிளம்பும்போதும் டோஸ் 30, 40 என்று எகிறும். இதயக் கணக்கில் அது பெரிய நஷ்டம். அதனால் கடைசி 5ஐ என் டாக்டர் 1 மில்லிகிராம் மாத்திரையில் மாதக்கணக்கில் இறக்குகிறார். எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் பக்கம்தான் நியாயம்.

காய்ச்சலோ வாந்தியோ வந்தால் டோஸை விடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நாட்களில் கூட்ட வேண்டியிருக்கலாம். "நான் ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

வலது பக்கம்: இதயம்

முதல் கட்டம் பி.பி. இதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள், நான் உட்பட. சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கால் மேல் கால் போட்டு, மகளுடன் பேசிக்கொண்டே அளந்துவிட்டு, "148 காட்டுது" என்று பதறியிருக்கிறேன்.

சரியான முறை: கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. வெறும் கையில் பட்டை, கை மேஜை மேல், இதயத்தின் மட்டத்தில். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் பி.பி. மாத்திரை போடுவதற்கு முன், பிறகு மாலையில். டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் இப்படி எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைக் கொண்டுபோங்கள். இன்னொன்று, ஸ்டீராய்டில் எடை கூடி மேல்கை பருத்திருந்தால் பழைய பட்டை இறுக்கமாகி உள்ளதைவிட அதிகம் காட்டும். என் பட்டையை மாற்றியதும் 9 புள்ளி இறங்கியது, மருந்து எதுவும் இல்லாமல்! லூபஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் குறி 130/80க்குக் கீழே.

இரண்டாவது, எடையும் கணுக்காலும். ஸ்டீராய்டு உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ராத்திரி சாக்ஸைக் கழற்றியதும் ரப்பர் தடம் ஆழமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிரு நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சாப்பாட்டில் வந்த எடை இல்லை. வீக்கத்தோடு சிறுநீரில் நுரையும் கூடினால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுவது இதயத்துக்கும் கெட்ட சேதி.

மூன்றாவது, சுகர். காலையில் ஸ்டீராய்டு போட்டால் சுகர் ஏறுவது மதியத்துக்கு மேல்தான். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் யோக்கியமாக 92 காட்டும். எனக்கு அப்படி எட்டு மாதம் காட்டியது. பிறகு ஒரு நர்ஸ்தான் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொன்னார். 218. டோஸ் கூடியிருக்கும் நாட்களில் மதியச் சுகரைப் பாருங்கள்.

கொலஸ்ட்ரால் வருடம் ஒரு தடவையாவது, டோஸ் பெரிதாக ஏறி இறங்கும்போது கூடுதலாக. 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் போட்ட கணக்குப்படி, பிரெட்னிசோன் 10 மில்லிகிராம் கூடினால் கொலஸ்ட்ரால் 7.5 புள்ளியும் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோவும் கூடின. ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 9 புள்ளி குறைவாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் உங்கள் நோட்டிலேயே தெரியும். எனக்கு 40 மில்லிகிராம் ஓடிய இரண்டு மாதத்தில் எடை 6 கிலோ கூடியது.

ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கி முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது, ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி டெஸ்ட். ரத்தம் வேண்டாத இடத்தில் உறையும் சுபாவம் இருக்கிறதா என்று அது சொல்லும். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். குறைந்த டோஸ் ஆஸ்பிரின் தரலாமா என்பது அதை வைத்து முடிவாகும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையையும் அப்போது தவிர்க்கச் சொல்வார்கள். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தை வாட்டும். அதைப் போட்ட நாளையும் எழுதிவையுங்கள்.

இரண்டு டாக்டருக்கு நடுவில்

லூபஸ் டாக்டர் இதயத்தை இதய டாக்டர் பார்ப்பார் என்று நினைக்கிறார். இதய டாக்டர் "உங்க லூபஸ் டாக்டர் பார்த்துப்பார்" என்கிறார். நடுவில் இருக்கும் காலி இடத்தில் நாம். அதனால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: "என் பி.பி.க்கும் கொலஸ்ட்ராலுக்கும் பொறுப்பு யார்?" பதில் சொன்னவர் பெயரை நோட்டின் அட்டையில் எழுதிவிட்டேன்.

இதய ஆபத்தைக் கணக்கிடும் கருவிகள் பலவற்றுக்கு லூபஸ் என்றால் என்னவென்றே தெரியாது. வயதையும் கொலஸ்ட்ராலையும் கொடுத்தால் "ஆபத்து குறைவு" என்று நம்மைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். பிரிட்டனில் 2017இல் வந்த கியூரிஸ்க்3 கருவி லூபஸ் உண்டா, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்று இரண்டையும் கேட்கிறது. அது அந்த நாட்டு மக்களை வைத்துச் செய்தது, ஆனாலும் டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை? லூபஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. பெரியவர்களை வைத்து ஒன்றும் சிறுவர், இளைஞர்களை வைத்து ஒன்றுமாக இரண்டு சோதனைகள் நடந்தன. அட்டோர்வாஸ்டேட்டின் ரத்தக்குழாய்ப் படிவை மெதுவாக்கியதாக இரண்டிலும் தெளிவாகக் காட்ட முடியவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால், பி.பி., சிறுநீரகம், குடும்பத்தில் மாரடைப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டேட்டினும் சில பி.பி. மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு ஆகாது.

நடை, எனக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். வெயிலில்லாத நேரத்தில். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தின்கிறதோ என்று டாக்டரிடம் கேளுங்கள். இடுப்பு மடிப்பில் வலி விடாமல் இருந்தால் எலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி

33 வயதில் ஒரு ராத்திரி, படுத்தால் நெஞ்சில் கத்தி போட்டது போல வலி. எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைந்தது. மூச்சை இழுத்தால் குத்தியது. அவசரப் பிரிவில் இருந்தவர் என்னைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், "வாயுதான்" என்று அனுப்பினார். மறுநாள் என் லூபஸ் டாக்டர் எகோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி, கொஞ்சம் நீர். லூபஸில் இதயம் சம்பந்தமாக அதிகம் வருவது இதுதான், பெரிகார்டைட்டிஸ்.

ஆனால் எந்த வலி எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாரடைப்பு பெண்களுக்கு நெஞ்சைப் பிடிக்காமலும் வரும். தாடை, முதுகு, தோளில் வலி, மூச்சு வாங்குவது, குமட்டல், காரணம் தெரியாத அசதி, குளிர்ந்த வியர்வை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாய் திறந்ததும் முதல் வாக்கியம்: "எனக்கு லூபஸ், இத்தனை வருடமாக ஸ்டீராய்டு, ஈ.சி.ஜி. எடுங்கள்." பெயரும் வயதும் அப்புறம்.

இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. இன்று காலை எழுதியது: பிரெட்னிசோலோன் 4, பி.பி. 124/78, 122/76, எடை 61.4, சாக்ஸ் தடம் இல்லை. நேற்று மதியச் சுகர் பார்க்க மறந்துவிட்டேன், அந்தக் கட்டம் காலி.